அந்தக் களத்தில் கடை வேண்டாம்

ஜனவரி 26 கிராம சபைக்கு வரப்போகும் என் ஊர்ச் சனங்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டுப் பக்கம் நம் ஊரில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து போகிறவன் எழுதுகிறேன். வந்து போகிறவனுக்கு இங்கே என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும், கதிர் அடிக்கிற களத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடத் தீர்மானம் வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து சும்மா இருக்க முடியவில்லை.

போன தை மாதம் சாயங்காலம் வண்டியில் ஊருக்குள் நுழைந்தேன். வளைவில் தார் ரோட்டை அடைத்து முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி. போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்தால் காய் உடையும் என்ற கணக்கு. காய்ந்த கொடி சக்கரத்தில் சுற்றியது, கீழே சிதறிக் கிடந்த கொள்ளு டயருக்கு அடியில் உருண்டது, நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கையில் ஏழு தையல். செடி யாருடையது என்று பார்த்தால் எங்கள் சித்தப்பாவுடையது! ஓடிவந்து தூக்கிவிட்டார். நான் கத்தின கத்தலுக்கு அவர் சொன்ன பதில்: "களத்துல போட்டா முள்ளு, பாம்பு. ரோட்டுல போட்டா நீ. நான் எங்கடா போடறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் களம் எப்படி இருந்தது என்று தெரியும். கார்த்திகை பிறந்தால் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாணி கரைத்து முழுக்க மெழுகுவார்கள். எந்த வீடு என்றைக்கு அடிப்பது என்று முறை உண்டு. மாடு கட்டிச் சுற்றிவிட்டு, காற்று வரும் பக்கம் பார்த்து முறத்தில் தூற்றினால் ராகி காலடியில் குவியும், உமி தெற்கே பறக்கும். அளக்கும்போது என் தாத்தா முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பார், கணக்கு தப்பிவிடும் என்று. அடித்து முடித்த களத்தில்தான் மாசி, பங்குனியில் கூத்து நடக்கும். விடியும்வரை பார்ப்பதாகச் சபதம் செய்துவிட்டு முதல் கட்டியங்காரன் வந்து போவதற்குள் தூங்கிப்போவேன், அது வேறு கதை.

ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. என் அப்பாவும் பக்கத்துக் கொல்லைப் பங்காளியும் வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ராகி குவியலாகக் கிடக்கும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பங்காளி தன் வீட்டுச் சாக்கையும் பாயையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து, அப்பாவோடு சேர்ந்து மறுமுனையைப் பிடித்து மூடினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் ராகி நனையவில்லை.

அந்தக் காலத்து மனுசர்கள் தங்கம், இப்போது எல்லாரும் சுயநலம் என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் இதே பொறாமை, இதே கோள். அடுத்த வாரம் அவருடைய குவியலும் அங்கேதான் கிடக்கும், அவ்வளவுதான் விஷயம். 2006க்கு அப்புறம் வீட்டுக்கு ஒரு இலவச டிவி வந்தது, பிறகு வீட்டுக்கு இரண்டு போன். ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிற இடம் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனது. களம் கடைசி இடம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் களம் எல்லாருக்கும் இருந்ததில்லை. காலனிக்காரர்கள் நம் கதிரை அடித்தார்கள், தூற்றினார்கள், கூலியைப் படியில் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய நாலு மூட்டை ராகியை ஊருக்கு வெளியே பாறையில்தான் காயப்போட்டார்கள். அதை நாம் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பழைய களத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் எழுதவில்லை.

இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே, களம் எதற்கு என்பார்கள். மெஷினில் அடித்தாலும் ராகியைக் காயவைத்துத்தான் ஆக வேண்டும். 2023லிருந்து நம் மாவட்டத்து ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தருகிறார்கள். அதற்காக நம்மிடமே கொள்முதலும் நடக்கிறது. அங்கே கொண்டுபோனால் ஈரப்பதம் பார்க்கிறார்கள், கல், மண் பார்க்கிறார்கள். தார் ரோட்டில் கூட்டி அள்ளின ராகியில் இதெல்லாம் இல்லாமல் இருக்குமா?

அந்த இடம் களம் புறம்போக்கு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலம், சுடுகாடு, தோப்போடு சேர்த்துக் களத்தையும் ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. பொறுப்பு என்றால் வாடகை வசூல் மட்டும் இல்லை. நூறு நாள் வேலையிலேயே சிமெண்ட் உலர்களம் போட்ட ஊராட்சிகள் உண்டு. கடைக்கு ரோட்டோரம் வேறு இடம் கிடைக்கும். களத்துக்குக் கிடைக்காது.

அதனால் என் கோரிக்கை: கடைத் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். உலர்களம் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். அதில் ஊர், காலனி என்று பிரிக்காமல், பெயர் கொடுத்த வரிசையில் முறை என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரிசை நோட்டைக் காலனியில் யாராவது ஒரு பெண் வைத்துக்கொள்ளட்டும். கணக்கு அவர்கள் கையில் இருந்து ஒரு தடவை பார்ப்போமே.

நான் 24ஆம் தேதி ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுவேன். 25ஆம் தேதி காலையில் களத்து முள்ளை வெட்டலாம் என்று இருக்கிறேன். சித்தப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு அரிவாள்தான் இருக்கிறது, இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பாம்பு உண்டு, செருப்புப் போட்டு வரவும்.