குழாய்க்கிணறு பற்றி

அன்புள்ள சிவம்,

பதில் போடவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வைரவர் கோயிலடிக் கூட்டாளி வாங்கிய காசை இன்னமும் தரவில்லை; தரவும் மாட்டான்.

ஊர் வீட்டு வளவில் குழாய்க்கிணறு துளைக்கப்போவதாக எழுதியிருந்தாய். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டுக்கு எதற்கடா குழாய்க்கிணறு? அப்பு வெட்டிய கிணறு என்ன பாவம் செய்தது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல் பொந்துகளில் தேங்கினால்தான் எங்களுக்குத் தண்ணீர். அந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. மேலே நீர்மட்டம் ஓரடி இறங்கினால் கீழே உவர் ஏறக்குறைய நாற்பது அடி ஏறும் என்பது நீரியல்காரர் போடும் கணக்கு. ஆழத் துளைத்து மோட்டர் போட்டால் அந்த உவரைத்தான் இழுத்தெடுப்பாய். துளை உன் வளவில் இருக்கும். உப்பு பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகும். அதற்கு உன்னிடம் யாரும் காசு கேட்கப்போவதில்லை என்பதுதான் என் கோபம்.

இன்னொன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். நைட்ரேட், குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் எப்படியோ சமாளிப்போம். தங்கையின் பேரனுக்குப் பால்மா கரைப்பது இதே தண்ணீரில். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுசெல்வதையே இது கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எப்படி வந்தது என்று கேட்பாய். 2005இலிருந்து நெல்லுக்கென்று 50 கிலோ யூரியா மூட்டையை 350 ரூபாவுக்குக் கொடுத்தார்களே, அது வெங்காயத் தோட்டத்துக்கும் நடந்து வந்ததை ஊரே அறியும். மலிவாகக் கிடைப்பதை யார் அளந்து போடுவார்? பயிர் எடுத்தது போக மிச்சத்தை மழை நேரே கல்லுக்குள் இறக்கியது. மலசலகூடக் குழிகளின் பங்கும் உண்டு. பிறகு 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியையே ஒரேயடியாகத் தடை செய்தார்கள்; விளைச்சல் விழுந்தது, நவம்பரில் பின்வாங்கினார்கள். இப்போது "கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்" என்று சொன்னாலே தோட்டக்காரர் அடிக்க வருகிறார்கள். நியாயமான ஒரு பேச்சை அந்தத் தடை பல வருடங்களுக்குக் கெடுத்துவிட்டது.

எங்கள் குடிநீருக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைத் தரக் கிளிநொச்சி விவசாயிகள் மறுத்ததில் எனக்குக் குறையில்லை. அவர்களுக்கே வயலுக்குப் போதாது. ஆகவே தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். மானியம் கொடுத்துக் காலடித் தண்ணீரைக் கெடுத்துவிட்டு, கடன் வாங்கி, மின்சாரம் எரித்துக் கடலைக் குடிநீராக்குகிறோம். இரண்டு செலவையும் ஒரே கொப்பியில் எழுதிப் பார்க்க எந்தக் கந்தோருக்கும் மனமில்லை. கிணற்றுக்கு மீற்றர் பூட்டலாம் என்று ஒரு புத்திசாலி சொன்னார். எங்கள் ஊருக்கு அவர் வரட்டும், மீற்றரோடு சேர்த்துக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள்.

குழாய்க்கிணற்றுக் காசில் பாதி போதும், கோயில் குளத்தைத் தூர்வாரி மழையை நிலத்துக்குள் இறக்கலாம். மற்றப் பாதியில் உன் பழைய கிணற்றை இறைத்துக் கட்டைத் திருத்து. மலசலகூடக் குழியை அதிலிருந்து நன்றாகத் தள்ளி வெட்டச் சொல். ஐப்பசிக்கு முன் முடிவை எழுது. துளைக்கிறவன் இரண்டு தரம் வந்து கூலியையும் ஏற்றிவிட்டான்; நீ வெளிநாட்டுக்காரன் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அன்புடன்,
ராசன்