மதுரை டிராவல்ஸ்காரர்களுக்கு: பால்கனி அறையை விற்கும் முன் குழந்தையின் வயதைக் கேளுங்கள்

மதுரையில் டிராவல்ஸ் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கார்டிலியா கப்பல் ஓடத் தொடங்கியதில் இருந்து, சொகுசுக் கப்பல் நம்ம ஊரிலும் பேச்சாகிவிட்டது. முழுப்பரிட்சை லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று இருந்த குடும்பங்கள் இப்போது கப்பலுக்கு எவ்வளவு ஆகும் என்று உங்களிடம் வந்து விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். நான் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, பால்கனிக் கண்ணாடியில் பிள்ளைகளின் கைரேகையைத் துடைத்த அனுபவத்தில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

சின்னக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்குப் பால்கனி அறை போடும் முன், குழந்தைக்கு என்ன வயது என்று கேளுங்கள். டிக்கெட் கட்டணத்துக்காகக் கேட்பது வேறு. நான் சொல்வது அந்த அறை அவர்களுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்காக. "பால்கனி எடுங்க சார், பிள்ளைங்க கடலைப் பாத்துக்கிட்டே விளையாடும்" என்று சொல்லி விற்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். பால்கனி விளையாடுகிற இடம் கிடையாது. இதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் மேஜைதான். கப்பல் ஏறிய பிறகு ஸ்டூவர்டு சொன்னால் பயன் குறைவு, ஏனென்றால் கப்பல் நிறைந்திருக்கும்போது மாற்றிக் கொடுக்க வேறு அறை இருக்காது.

பால்கனித் தடுப்பு உயரமாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். உயரம்தான். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற பெரிய பயணிகள் கப்பல்களுக்கு 2010இல் வந்த சட்டம் 42 அங்குலம், அதாவது சுமார் 107 செ.மீ. கேட்கிறது. கப்பல் தளத்துக் கம்பிகளுக்கான சர்வதேச விதி 1 மீட்டர் கேட்கிறது. ஆனால் அந்தச் சர்வதேச விதிக்குத் தலைப்பே 'மாலுமிகளின் பாதுகாப்பு'. கீழ்க்கம்பிக்கு அடியில் 23 செ.மீ. வரையும் மற்ற கம்பிகளுக்கு நடுவில் 38 செ.மீ. வரையும் இடைவெளி விடலாம் என்கிறது. வளர்ந்த ஆளை மனதில் வைத்து எழுதிய விதி அது. பயணிகள் அறையின் பால்கனியில் பொதுவாகக் கண்ணாடியோ நெருக்கமான கம்பியோ போட்டு அடைத்திருப்பார்கள், அந்தவரைக்கும் நிம்மதி.

பிரச்சினை நாற்காலியில்தான் வருகிறது. சாதாரண பால்கனியில் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் கிடக்கும். நாற்காலியின் உட்காருமிடம் தரையில் இருந்து சுமார் 45 செ.மீ. நாலு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் இருக்கும். தரையில் நின்றால் அந்த 107 செ.மீ. அதன் தலைக்கு மேலே. நாற்காலி மேல் ஏறி நின்றால் மிச்சம் 62 செ.மீ.தான், அதாவது நெஞ்சு வரைக்கும் வராது. சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவைப் பார்த்தால் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது அந்தக் கனம் முன்னால் இழுக்கும். அந்த நாற்காலிகள் கனமானவையும் இல்லை, மூன்று வயதுப் பிள்ளையே இழுத்துத் தடுப்போரம் போட்டுவிடும். சட்டம் போட்டு ஏற்றி வைத்த உயரத்தை ஒரு நாற்காலி ஏறத்தாழ பாதியாக்கிவிடுகிறது.

அதனால் பால்கனி வேண்டும் என்று குடும்பம் உறுதியாக இருந்தால், ஏறிய முதல் நாளே ஸ்டூவர்டிடம் சொல்லி நாற்காலி மேஜையை எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டால் எடுத்துக்கொள்வோம், அது எங்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்பார்கள், அது நிலைக்காது. அறை சின்னது, காலில் இடிக்கும், சாயங்காலம் காபியோடு வெளியே உட்காரலாம் என்று நாற்காலி திரும்பவும் பால்கனிக்கே போய்விடும்.

அடுத்தது கதவு. பால்கனிக் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டு இருக்கும் கப்பலும் உண்டு, கைப்பிடியைத் திருப்பினாலே திறக்கும் கப்பலும் உண்டு. உங்களுக்குத் தெரியாவிட்டால் கப்பல் கம்பெனியிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுச் சொல்லலாம். கதவு திறந்தால் கத்துகிற சின்ன அலாரம் கடையில் கிடைக்கிறது, அதைக் கொண்டுபோகலாம். அம்மா குளிக்கப் போயிருப்பார், அப்பா சாப்பிட்ட களைப்பில் கண் அசந்திருப்பார். பயப்பட வேண்டிய நேரம் அதுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறையின் வாசல் கதவும் பால்கனிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் கடல் காற்று ஊடே பாய்ந்து கதவு படாரென்று சாத்தும். விரல் நசுங்கி அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நம்ம பக்கத்துக் குடும்பங்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. நாம் இரண்டு பேராகப் போவதில்லை. தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம், அத்தை பிள்ளைகள் என்று அடுத்தடுத்து மூன்று நாலு அறை எடுப்போம். சில கப்பல்களில் பக்கத்துப் பால்கனிகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம். திறந்ததும் பால்கனி ஒரு நீளமான தாழ்வாரம் ஆகிவிடும். நம் அறைக் கதவைப் பூட்டி வைத்திருப்போம்; பிள்ளை அத்தை அறை வழியாக வெளியே வந்திருக்கும். சித்தி பார்த்துக்கொள்வாள் என்று அம்மா நினைப்பார், அம்மா பக்கத்தில்தானே இருக்கிறார் என்று சித்தி நினைப்பார். குடும்பத்தில் ஐந்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தாலும் அந்தத் தடுப்பைத் திறக்கக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், தூக்கிக் காட்டுகிற பழக்கம். மாசி வீதியில் தேர் வந்தால் பிள்ளையைத் தோளில் ஏற்றாத தகப்பன் உண்டா? மாடியில் நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வோம். அதே கை கப்பலிலும் பிள்ளையைத் தூக்கும். 2019இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்ற கப்பலில், தாத்தா தூக்கிப் பிடித்திருந்த 18 மாதக் குழந்தை திறந்திருந்த ஜன்னல் வழியாக விழுந்து இறந்துபோனது. 2025 ஜூன் கடைசியில் இன்னொரு கப்பலில், போட்டோவுக்காக ஜன்னலோரம் ஏறிய 5 வயதுச் சிறுமி கடலில் விழுந்தாள். அப்பா பின்னாலேயே குதித்தார், இருவரையும் உயிரோடு மீட்டார்கள். இரண்டு இடத்திலும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். பால்கனித் தடுப்பு கண்ணாடியாக இருந்தால் தூக்கவே வேண்டியதில்லை. பிள்ளையோடு நாமும் தரையில் உட்கார்ந்தால் போதும், கடல் முழுக்கத் தெரியும், அலை நுரைத்துப் பின்னால் போவது வரைக்கும் தெரியும்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பால்கனியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் உள்ள ஓஷன் வியூ அறை கொடுங்கள், கடலும் தெரியும். ஜன்னலே இல்லாத உள் அறையில் பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் பிள்ளைகள் நன்றாகத் தூங்கும். விலையும் குறைவு. உங்கள் கமிஷனும் குறையும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையைப் பார்த்து அறை கொடுத்தவர் என்று பெயர் எடுத்தால், அந்தக் குடும்பம் சொல்லி அடுத்த நாலு குடும்பம் உங்களிடம் வரும்.

பிள்ளையின் வயதை முன்பதிவிலேயே சரியாக எழுதுங்கள். அரை டிக்கெட், முழு டிக்கெட் கணக்குக்காக மாற்றிப் போட வேண்டாம். கப்பலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன உயிர்காப்புக் கவசம் (லைஃப் ஜாக்கெட்) இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வயது தெரிந்தால்தான் சரியான அளவை எடுத்து வைக்க முடியும். அறை அலமாரியில் பெரியவர்களுக்கானது மட்டும் இருந்தால் உடனே ஸ்டூவர்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

இவற்றை ஒரு தாளில் தமிழில் அடித்து டிக்கெட்டோடு வைத்துக் கொடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினாலும் சரி, ஆனால் பாட்டி தாத்தாவும் படிக்கிற மாதிரி தாளாக இருப்பது நல்லது. எழுதித் தர ஆள் வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன், கூப்பிட்டால் உங்கள் கடைக்கே வந்து ஊழியர்களிடம் பேசவும் தயார். கோடை லீவுக்கான முன்பதிவு பொங்கல் முடிந்ததுமே தொடங்கிவிடும். அதற்குள் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக இருந்த ஒரு திருமங்கலத்துக்காரன்