கழிவு எடுப்பது பீடிக்கடையோடு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வளரிளம் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முழுக்க வாசித்தேன். நல்ல யோசனைகளும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "பாசத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள், மதிப்பெண் வந்த பிறகு தாராளமாகக் காட்டிக்கொள்ளலாம்." எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவர் என்று கீழே போட்டிருந்தது. நான் ஒன்பதாவது, அதுவும் பெயில். இருந்தாலும் அந்த வரி நாலு நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

கட்டுரையை ஒரு குறளோடு முடித்திருக்கிறார். 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்கிற குறள்தான். பரிசளிப்பு விழா என்றால் எல்லாரும் எடுத்துவிடுகிற குறள். ஐயா, பெற்ற பொழுதைவிடப் பெரிதாக உவப்பாள் என்றால், பெற்ற அன்றைக்கே அவள் உவந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு அந்தப் பிள்ளை எத்தனை மார்க் வாங்கியிருந்தது? எனக்குத் தெரிந்த தமிழுக்கு இவ்வளவுதான் எட்டுகிறது. தவறிருந்தால் உங்கள் கட்டுரையாளர் திருத்தட்டும்.

நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஒன்பதாவதில் பெயிலானேன், மறுவாரமே மடிக்குச் சுளகு வந்துவிட்டது. யாரும் திட்டக்கூட இல்லை. பொம்பளைப் பிள்ளை பெயிலானால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் அண்ணனுக்குத்தான் பேச்சு நடந்தது. 1994-ல் அவன் பத்தாவதில் பெயிலாகிப் போனபோது, "பாஸ் பண்ணிட்டு இந்த வாசப்படிய மிதி" என்றார் எங்கள் அப்பா. உங்கள் கட்டுரையாளர் சொல்வதுபோல இறுக்கித்தான் பிடித்தார். அண்ணன் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறி பம்பாய் போய்விட்டான். தாராவியில் நம் ஊர் ஆட்களுக்கா பஞ்சம்? எங்கேயோ ஒண்டிக்கொண்டான். அதற்குப் பிறகு கோயில் கொடைக்கு யார் பம்பாயிலிருந்து வந்தாலும் அப்பா போய் நின்று, "சாப்பிடுதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவார். வேறு எதுவும் கேட்க மாட்டார். அண்ணன் வந்தது அப்பா காரியத்துக்குத்தான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகன் பத்தாவதில் கணக்கில் போய்விட்டான். 22 மார்க். மூன்று நாள் நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு எழுந்துபோய்விடுவேன். குழம்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவனும் தலையைத் தூக்காமல் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான்.

பீடிக்கடையில் எப்படியென்றால், கொண்டுபோன பீடியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். இளகலாக இருந்தால் கழிவு. வாய் சரியாக மடங்கவில்லையா, அதுவும் கழிவு. கழித்ததற்குக் கூலி கிடையாது. மனசு சரியில்லாத கை எப்படிச் சுற்றும்? மூன்றாம் நாள் நூற்றுக்கு மேல் கழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் மெதுவாக வந்து பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"எம்மா, ஒனக்கும் பெயிலா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறான். போய் டீ போட்டுக் கொண்டுவந்தான், சீனி ஜாஸ்தி. என் பீடியைக் கழித்துவிட்டார்கள் என்பதற்காக அவன் என்னிடம் இறுக்கிப் பிடிக்கவில்லையே.

கண்டிக்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். டியூஷனுக்கு அனுப்பினேன், போகாத அன்றைக்குக் காது கிழிய வசவும் கொடுத்தேன். சோற்றையும் பேச்சையும் மட்டும் நிறுத்தவில்லை. துணைத் தேர்வில் 37 வாங்கினான். இப்போது பேட்டை ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். உடனே போட்டோ கேட்டு ஆள் அனுப்பிவிடாதீர்கள், இது சாதனைக் கதை இல்லை. துணைத் தேர்விலும் போயிருந்தால்கூட அன்று ராத்திரி குழம்பு வேண்டுமா என்று கேட்டிருப்பேன்.

போட்டோ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசாங்கம் 2017-லேயே நிறுத்திவிட்டது. உங்கள் பத்திரிகையில் மட்டும் நிற்கவில்லை. செய்தியில் போடாவிட்டால் என்ன, டியூஷன் சென்டர் விளம்பரமாக முழுப்பக்கத்துக்கு, ஸ்டாம்ப் ஒட்டியதுபோலப் பிள்ளைகளின் முகம் வருகிறது. எந்த வீட்டில் எந்தப் பையன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாததா? பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று வருஷா வருஷம் எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்து ஊரில் பெயிலானவன் எங்கே போவான் என்று ஒரு வருஷமாவது எழுதியிருக்கிறீர்களா? துணைத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பது உள்ளே ஏதோ ஒரு மூலையில், நகை விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே வடை சுட்டு வைத்துவிட்டேன். எண்ணெயை ஒற்றி ஒற்றித்தான் தேதியை வாசித்தேன்.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்று நம் ஊரில் சொல்லும்போது, அந்தக் குஞ்சு பாஸா என்று யாரும் கேட்டதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வருகிற மே மாதம் தேர்வு முடிவு வரும் நாளில், முதல் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த மூன்றும் கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன். முக்கூடலுக்கு ராத்திரி பஸ் இல்லை என்று முன்பு எழுதியதை நாலு வரியாக்கிவிட்டீர்கள், அதில் ஊர் பெயரே இல்லை.

கட்டுரையாளருக்குப் பிள்ளைகள் இருந்தால், நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.