லேப்டாப் வாங்கப் போற அப்பா அம்மாக்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பசங்களோட அப்பா அம்மா பத்து பதினஞ்சு பேர் இந்த ரெண்டு வாரத்துல என் ரூம் வாசல்ல வந்து நின்னாச்சு, எல்லாருக்கும் ஒரே கேள்வி, "டீச்சர், லேப்டாப் எது வாங்கலாம்?" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி தொண்டை கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், டீ குடிச்சிட்டே படிங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், வாங்கியே ஆகணும்னு ஸ்கூல் யாரையும் சொல்லல. பிளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், பிளஸ் டூல பைத்தான், ரெண்டுமே நம்ம லேப்ல இருக்கற பழைய மெஷின்லயே நல்லா ஓடுது. சாயங்காலம் 4.15ல இருந்து 5.30 வரைக்கும் லேப் திறந்துதான் இருக்கு, கம்ப்யூட்டர் சாரும் இருப்பாரு. பையன் "எல்லாரும் வெச்சிருக்காங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க, நான் கிளாஸ்ல கை தூக்கச் சொல்லி எண்ணினேன், பாதி பேர்கிட்ட இல்ல.

போன வாரம் ஆட்டோ ஓட்டற ஒரு அப்பா, கடை நோட்டீஸ் ஒண்ண நாலா மடிச்சு சட்டை பாக்கெட்ல வெச்சு கொண்டு வந்தாரு. கேமிங் லேப்டாப், 62,000 ரூபா, மாசாமாசம் கட்டலாமாம். பையன கூப்பிட்டு எதுக்குடா இதுன்னு கேட்டா "ப்ராஜெக்டுக்கு மிஸ்"ங்கறான். பைத்தான்ல ஒரு லூப் எழுத, கேமுக்குன்னு போடற கிராஃபிக்ஸ் கார்டு எதுக்குப்பா? அந்த மாதிரி லேப்டாப் எல்லாம் ரெண்டு கிலோவுக்கு மேல, சார்ஜர் வேற தனியா செங்கல் மாதிரி, அத முதுகுல மாட்டிட்டு ட்யூஷனுக்கு கூட்ட பஸ்ல தொங்கிட்டு போறவன் எத்தன நாள் கொண்டு போவான்னு நெனைக்கிறீங்க? சின்னதா, ஒன்றரை கிலோவுக்குள்ள, 14 இன்ச் போதும். 11 இன்ச்ல இன்னும் சின்னதா கிடைக்குது, தூக்க லேசுதான், ஆனா நம்ம பாடப்புத்தக பிடிஎஃப்ப அதுல திறந்து பாருங்க, பாதி பக்கம்தான் தெரியும், தள்ளிட்டே இருக்கணும்.

சின்னது, மலிவுன்னதும் நான் மாட்டின கதைய சொல்லணும். மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணு காலேஜ் சேர்ந்தப்ப, புதுசா, சீல் பிரிக்காம, 19,500க்கு ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் "1 டிபி இருக்கு மேடம்"னாரு, அதாவது ஆயிரம் ஜிபி. வீட்டுக்கு வந்து பாத்தா உள்ள இருக்கறது 64 ஜிபி, அவர் சொன்ன 1 டிபி ஆன்லைன்ல ஒரு வருஷத்துக்கு குடுக்கற இடம்! ஸ்டிக்கர்லயே பொடி எழுத்துல போட்டிருக்கு, நான்தான் கண்ணாடி எடுத்துட்டு போகல. நாலே மாசத்துல சி டிரைவ் சிவப்பு கோடு காட்ட ஆரம்பிச்சிடுச்சு, விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்ல, அவ போட்டோவ அழிக்கறா, பாடத்த அழிக்கறா, அப்பவும் பத்தல. மாத்தலாம்னு கொண்டு போனா அது இஎம்எம்சியாம், போர்டோட சேத்து ஒட்டினது, கழட்டி பெருசு போட முடியாதாம். அந்தப் பணம் போனது போனதுதான்.

அதனால ஸ்டிக்கர்ல ரெண்டே விஷயம் பாருங்க. ரேம், அதாவது வேலை நடக்கறப்ப தேவைப்படற தற்காலிக நினைவகம், 8 ஜிபி. ஸ்டோரேஜ், அதாவது ஃபைல் எல்லாம் சேத்து வெக்கற இடம், எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்க விட வேகமானது), 256 ஜிபி. விண்டோஸ் 11க்கு குறைஞ்சபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்னுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லுது, கடையில அதத்தான் காட்டுவாங்க, ஆனா காலைல எட்டரை மணி பஸ்ல ஏறிடலாம், உக்கார இடம் கிடைக்குமா? அந்த மாதிரிதான் அது. புதுசுலயே மலிவா பாக்கறவங்க ப்ராசஸர் பேரயும் பாத்துக்கோங்க, அதுதான் லேப்டாப்போட மூளை, கோர்ங்கறது அதுக்குள்ள வேலை செய்யற ஆள் மாதிரி. இன்டெல் செலரான் என்4020ல ரெண்டே கோர், 2023ல வந்த என்100ல நாலு கோர், விலையில பெரிய வித்தியாசம் இல்லன்னா ரெண்டாவதுதான் எடுக்கணும்.

என்ன கேட்டா, புதுசா மட்டமானது வாங்கறத விட, கம்பெனிகள்ல யூஸ் பண்ணிட்டு கழிச்ச லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் மாதிரி நல்ல மெஷின் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 15,000 - 20,000க்கு வாங்கறது மேல். கீபோர்டு கல்லு மாதிரி உறுதியா இருக்கும், ரேம், எஸ்எஸ்டி கழட்டி மாத்திக்கலாம் (எல்லா மாடல்லயும் இல்ல, கேட்டுட்டு வாங்குங்க). மெட்ரோல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். ஆனா முதல் கடையிலயே வாங்காதீங்க, நாலு கடை ஏறி இறங்குங்க, பில்லும் கையெழுத்து போட்ட வாரண்டியும் இல்லாம பணம் குடுக்காதீங்க.

அங்க ஒரு கணக்கு இருக்கு. ப்ராசஸர் பேர் ஐ5-8250யுன்னு எழுதியிருந்தா, கோட்டுக்கு அப்புறம் வர்ற 8தான் தலைமுறை. இன்டெல்ல எட்டுல இருந்துதான் விண்டோஸ் 11 முறையா ஏறும். ஆறு, ஏழுன்னு இருந்தா விலை சல்லிசா சொல்லுவாங்க, ஏன்னா அதுல முறையா ஓடற விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் போட்டுக்கறேன்னா அதையும் தாராளமா வாங்கலாம், விண்டோஸ்தான் வேணும்னா வேண்டாம்.

அப்புறம் பேட்டரி. ஆன் பண்ணி காட்டறப்ப சார்ஜர கழட்டச் சொல்லுங்க, அதுலயே பாதி உண்மை தெரிஞ்சிடும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து காட்டுங்கன்னு கேளுங்க, டிசைன் கெபாசிட்டி (புதுசுல எவ்ளோ தாங்கும்), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப எவ்ளோ தாங்குது)ன்னு ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் 50,000, ரெண்டாவது 22,000ன்னா பேட்டரி பாதிக்கு மேல செத்தாச்சு, அதுக்கு தகுந்த மாதிரி விலைய குறைங்க, இல்ல வேற பேட்டரி போட்டு தரச் சொல்லுங்க. மழைக்காலத்துல நம்ம ஏரியா கரண்ட் நெலம உங்களுக்கே தெரியும்.

இன்னொன்னு, 2011ல இருந்து சில வருஷம் அரசாங்கம் பிளஸ் டூ பசங்களுக்கு குடுத்த லேப்டாப் பரண்ல கிடக்குதா? அக்காவோடதோ சித்தப்பாவோடதோ. தூக்கிப் போடாதீங்க, இங்க கொண்டு வாங்க. பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்தினா, நம்ம பாடத்துக்கு தாங்கற அளவுக்கு ஓடும். சார் ஏற்கனவே மூணு பேருக்கு பண்ணி குடுத்திருக்காரு, எஸ்எஸ்டி காசு மட்டும்தான் உங்க செலவு.

வட்டியே இல்லாத இஎம்ஐன்னு சொன்னா ப்ராசஸிங் ஃபீஸ் எவ்ளோ, மொத்தமா கட்டினா விலை எவ்ளோன்னு கேட்டு ரெண்டையும் பேப்பர்ல எழுதிப் பாருங்க. தயவுசெஞ்சு இதுக்காக யாரும் நகைய வெக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டிக்கர போட்டோ எடுத்துட்டு சனிக்கிழமை 10 மணிக்கு மேல லேபுக்கு வாங்க, சார் பாத்து சொல்லுவாரு. பையனையும் கூட்டிட்டு வாங்க, அவன்கிட்ட நான் பேசிக்கறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு: ரெண்டு பின் சாக்கெட்ல சொருகறதுக்காக சார்ஜரோட மூணாவது பின்ன உடைக்காதீங்க, அதுதான் எர்த். மெட்டல் பாடி தொட்டா சுர்ருங்குதுன்னு ரெண்டு பசங்க வந்து சொன்னாங்க, போய் பாத்தா ரெண்டுலயும் பின் உடைச்சிருக்கு.