கம்பளம் கழுவும் தொழில் தொடங்கவிருக்கும் மகளுக்கு

அம்மாப்பேட்டை, சேலம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோவை வேலையை விட்டுவிட்டுச் சேலத்திலேயே கம்பளம் சுத்தம் செய்யும் தொழில் தொடங்கப் போவதாக நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் சாயப்பட்டறையில் நின்றவன் என்ற முறையில், நூலையும் சாயத்தையும் தண்ணீரையும் பற்றி எனக்குத் தெரிந்ததை நீ மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய செலவுக் கணக்கில் மெஷின், ஷாம்பு, வண்டி வாடகை எல்லாம் இருக்கின்றன. காயவைப்பதற்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். கம்பளத்தை நனைக்க யாராலும் முடியும், கண்ணு. அதைச் சாயம் கலங்காமல், நாற்றம் பிடிக்காமல் காயவைத்துத் திருப்பிக் கொடுப்பவருக்குத்தான் மறுமுறை வேலை வரும்.

ஏற்காட்டு விடுதிகளை நம்பலாம் என்று எழுதியிருக்கிறாய். மே மாதக் கோடை விழாவுக்கு முன்பு அங்கே வேலை கிடைக்கும் என்ற உன் கணிப்பு சரியானதே. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஒருமுறை மேலே போய்ப் பார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நடுப்பகலிலேயே மூட்டம் இறங்கி நிற்கும்போது, கொடியில் போட்ட துண்டே காய மறுக்கும். கம்பளியோ தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அப்படி ஓரிரு நாள் கிடந்தால் அடியில் பூஞ்சணம் பிடித்துவிடும். அடித்துணி சணலாக இருந்தால் அதன் பழுப்பு மேலே ஏறிக் கறையாக நிற்கும். ஆகவே, சுருட்டி எடுக்கக்கூடிய விரிப்புகளை மழைக்காலத்தில் அங்கே கழுவாதே. வண்டியில் கீழே கொண்டுவந்து இங்கே கழுவிக் காயவை. தரையோடு ஒட்டிய கம்பளமாக இருந்தால் தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சி, தண்ணீர் விடாமல் இன்னும் இரண்டு முறை மெஷினால் உறிஞ்சியெடுத்து, காற்றாடிகளை ஓடவிடு. அந்த அறையை மறுநாள்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று விடுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடு.

இதை நான் அடிபட்டுக் கற்றவன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கல்யாண மண்டபத்தின் பவானி ஜமக்காளங்களைத் துவைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். மாலை மழை வந்துவிட்டதால், ஈரம் வடியாமலே மடித்துத் திண்ணையில் அடுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பிரித்தபோது சிவப்புப் பட்டையின் சாயம் மஞ்சள் பட்டையெங்கும் ஏறி, ஒவ்வொரு மடிப்பிலும் அச்சு வைத்ததுபோல நின்றது. மூன்று மாதக் கூலி அதற்கே போயிற்று. மண்டபத்துக்காரர் ஒரு சொல்லும் திட்டவில்லை. ஆனால் அதன்பின் என்னைக் கூப்பிடவும் இல்லை.

எனவே எந்தக் கம்பளத்தையும் நனைக்கும் முன், கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியை நீ கலக்கிய மருந்தில் நனைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பார். துணியில் நிறம் ஏறினால் அந்த வேலையை எடுக்காதே. ஓரத்து நூல் ஒன்றை நெருப்பில் காட்டிப் பார்: முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது கம்பளி, உருகி உருண்டையானால் நைலான் போன்ற செயற்கை நூல். பருத்திக்கு நாங்கள் தாராளமாகப் போடும் சலவைச் சோடா கம்பளிக்கு எமன். பிளீச்சிங் பவுடரைக் கம்பளியின் பக்கத்திலேயே கொண்டு போகாதே. தண்ணீரைத் தொடுவதற்கு முன் வாக்குவம் கிளீனரைப் பொறுமையாக ஓட்டு. மேக்னசைட் சுரங்கத்துப் பக்கத்து வீடுகளில் மாவுபோன்ற வெள்ளைப் புழுதி அடிவரை இறங்கியிருக்கும். அது நனைந்தால் சேறாகிவிடும். நம் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, அலசினாலும் பிசுக்கு நிற்கும், அந்தப் பிசுக்கில் அழுக்கு வேகமாக ஒட்டும். கடைசி அலசலுக்காவது மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்.

பதிவு விஷயத்தில் கவலை வேண்டாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எந்தத் தரகருக்கும் பணம் கொடுக்காதே. நம்முடையது போன்ற சேவைத் தொழிலில், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பெரிய மெஷினை முதல் ஆண்டு வாடகைக்கு எடுத்துப் பார். அந்தப் பணத்தில் நல்ல காற்றாடிகள் நான்கு வாங்கு.

மொட்டை மாடியை அளந்துவிட்டேன். ஆறுக்கு ஒன்பது அடிக் கம்பளங்கள் நான்கை நிழலில் விரிக்கும் அளவுக்கு மூங்கில் கட்டி, மேலே தகரம் போடலாம். கொத்தனார் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்; கைப்பிடிச் சுவரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதற்குள் எழுது.

அன்புடன்,
அப்பா