வேடியப்பன் கல் வரை கூட்டிப்போன நூலகத்துக்கு

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி வட்டார நடுகற்கள், அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள், பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்ற வாரம் ஒப்படைத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கென்று இருந்த ஒரு பக்கம் எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கல்லூரி நூலகர் அம்மாவுக்கு. சேர்ந்த புதிதில் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்றேன். தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்', 'தருமபுரி கல்வெட்டுகள்' இரண்டையும் மேசைமேல் வைத்து, "இதை முடிச்சிட்டு அடுத்ததுக்கு வாம்மா" என்றார்கள். நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவள், மாலையில் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும். அதைக் கவனித்து, கல்லூரிகளுக்கு இணையவழி ஆய்விதழ்கள் தரும் என்-லிஸ்ட் சேவையில் கணக்கு வாங்கித் தந்தார்கள், இரவில் வீட்டிலிருந்தே ஆய்விதழ்கள் படித்தேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடும்போது நடுகல், நடுகற்கள், வீரக்கல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அவர்கள்தான். மேல்தட்டுப் புத்தகங்களுக்கு முகம் சுளிக்காமல் ஏணி ஏறிய உதவியாளர் அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம் அந்த ஆகஸ்ட் 12. எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவாகக் கொண்டாடும் நூலகர் நாளுக்கு, படிக்கும் அறையில் நடுகல் படங்களைக் கண்காட்சியாக வைத்தோம். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் போற்றும் எடுத்தனூர்க் கல்லின் முன்தான் கூட்டம் அதிகம். மாலையில் ஒரு முதலாமாண்டு மாணவி புறநானூற்றின் 232ஆம் பாடலை வாசித்தாள். நாடே கொடுத்தாலும் வாங்காத அதியமான், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளையா ஏற்பான் என்று ஔவை அழும் பாட்டு. அவன் ஆண்ட தகடூரில், அதாவது நம் தருமபுரியிலேயே அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு முற்றத்தில் கர்ண மோட்சம் கூத்து. முடிந்ததும் கர்ணன் வேடம் கட்டிய ஐயா அரிதாரம்கூடக் கலைக்காமல் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றின் முன் நின்று, "எங்க ஊரு வேடியப்பன் கோயில்லயும் இதே மாதிரி கல்லு இருக்குதுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறே போனேன். எண்ணெயும் மஞ்சளும் ஏறிய கல்லில் வில்லேந்திய வீரன், தலைக்குமேல் தேய்ந்த வட்டெழுத்து, அதாவது பழந்தமிழ் எழுத்து. நான் படித்த எந்த நூலிலும் இல்லாத கல் அது. என் நான்காம் இயல் முழுக்க அதைப் பற்றித்தான். ஐயா, உங்களுக்கும் உங்கள் குழுவினருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சாமி கல்லைத் துடைத்து, எழுத்தை மையால் தாளில் ஒற்றி மைப்படி எடுக்க அனுமதித்து, வெயிலுக்கு மோரும் கொடுத்த ஊர்ப் பெரியவர்களே, உங்களுக்கும் நன்றி.

ஆய்வேட்டின் ஒரு படியை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஊரார் கேட்ட மைப்படி நகலுக்குச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று, பொங்கலுக்குள் கோயிலில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி,
தருமபுரி