நீலகிரியில் தைலம் காய்ச்சுவோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். கோடையில் உதகைக்கு வருபவர்கள் ஊர் திரும்பும்போது தேயிலை, வர்க்கி, சாக்லேட்டோடு ஒரு பாட்டில் தைலத்தையும் வாங்கிச் செல்வது வழக்கம். அந்தப் பாட்டிலில் ஒட்டப்படும் சீட்டைப் பற்றி, குன்னூரில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தைலத்துக்கு மருத்துவக் குணம் உண்டா என்பதில் எனக்கு ஐயமில்லை. 1843ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இம்மலைக்கு வந்த கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின், இலையில் சினியோல் என்னும் பொருள் மிகுந்திருக்கிறது. அது சளியை இளக்கும், வீக்கத்தைத் தணிக்கும். ஜெர்மனியில் இதைப் பிரித்தெடுத்து, அளவு குறித்து, குடலில் கரையும் உறையிட்டு, மூச்சுக்குழல் அழற்சிக்கும் சைனஸ் தொல்லைக்கும் மருந்தாகத் தருகிறார்கள். அங்கே அளவு குறித்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது விண்டர்கிரீன் தைலம். சோலை ஓரங்களில் வளரும் அச்செடியின் இலையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே காய்ச்சுவது ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே; ஊறும்போதுதான் மெத்தில் சாலிசிலேட் விடுபட்டு மணம் எழுகிறது. யூகலிப்டஸ் தைலம் நீரின்மேல் மிதக்க, இது கனத்து அடியில் தங்கும். தைலம் ஏறக்குறைய முழுவதுமே அந்த ஒரே பொருள் என்பதால் ஆலையில் செயற்கையாகச் செய்ததும் இதே போல அடியில்தான் தங்கும். அதை மூலிகைத் தைலம் என்று விற்போரும் உண்டு என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். எதுவானாலும் அது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டியை, அதாவது 5 மில்லியை, விழுங்கினால் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். தோலின் வழியாகவும் அது உடலுக்குள் இறங்கும் என்பதால், இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் முழங்காலில் நாள்தோறும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டால் இரத்தக் கசிவுக்கு வழி உண்டு. இவ்வளவு வீரியமுள்ள பொருள், திருகினால் உடனே திறந்துகொள்ளும் மூடியோடு, வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில், வெயில் படும் பலகையில், "மூட்டுவலி" என்ற ஒற்றைச் சொல்லோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கடியில் யூகலிப்டஸ் தைலம் தடவுவது நம் வீடுகளில் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் பழக்கம். இரண்டரை வயது நிரம்பாத குழந்தைக்கு அதனால் குரல்வளை இறுகி மூச்சுத் திணறக்கூடும். விழுங்கிவிட்டால் மயக்கமும் வலிப்பும் வரலாம். விற்பவர் சொல்லாவிட்டால் வாங்கும் தாய்க்கு இது எப்படித் தெரியும்?

சர்க்கரை நோய் தீரும் என்று பலகை எழுதி வைப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அதைத் தடை செய்கிறது.

ஆகவே, சீட்டில் செடியின் பெயர், காய்ச்சிய மாதம், இயற்கையா செயற்கையா என்ற விவரம், "உட்கொள்ளக் கூடாது", "குழந்தைகளுக்குத் தடவக் கூடாது" ஆகியவற்றைத் தமிழில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருபவர்களும் ஏராளம் என்பதால் மலையாளத்திலும் கன்னடத்திலும் சேர்ப்பது நல்லது. பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலும் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடியும் விலையைச் சற்றே கூட்டும். அதை வாங்குபவரிடம் தயங்காமல் கேளுங்கள். வாசகத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த மலர்க் கண்காட்சிக்கு முன் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
குன்னூர்.